இருபத்தொரு கிலோ

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை ஒட்டிய தாள் திங்கட்கிழமை காலையிலும் குடோன் வாசலில் அப்படியே இருந்தது. யாரும் கிழிக்கவில்லை. கிழித்தும் என்ன ஆகப்போகிறது, கம்ப்யூட்டரில் இருக்கிறதே.

ஒரு ஆள் ஒரு நாளைக்கு இருபத்தொரு கிலோ ஏலக்காய் பொறுக்க வேண்டும். திங்கட்கிழமை எல்லோருக்கும் எடை போட்டுப் பார்ப்பார்கள். தேறாதவர்களுக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலை இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: கணக்கெடுப்பு, பவதாரணி, இன்டர்ன்.

பவதாரணி நான்தான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பி.காம். முடித்துவிட்டு, போடியிலேயே ஒரு ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். சம்பளம் கிடையாது. அனுபவம் உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு, நல்லபடியாகச் செய்தால் வேலையும் உண்டு என்றார்கள்.

அதே கம்பெனியின் குடோனில் பத்தொன்பது வருசமாகத் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள் என் அம்மா பொன்னுமணி. காயைச் சுளகில் பரப்பி, வெடித்தது, சொறி பிடித்தது, நிறம் வெளுத்தது எல்லாவற்றையும் கையால் ஒதுக்குகிற வேலை. அதற்கு முன்னால் அவள் மலை எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மலையேறுகிற மெட்டு ரோட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து வலது காலில் பிளேட்டு வைத்தார்கள். அதன்பிறகு உட்கார்ந்து செய்கிற சோலி இது ஒன்றுதான் அவளுக்கு வாய்த்தது. அப்பா மேலே எஸ்டேட்டில் வாட்ச்மேன். மாதம் ஒருமுறை இறங்கி வருவார், பல மாதம் அதுவும் இல்லை.

என்னுடைய இரண்டாவது மாதத்தில் மேனேஜர் சோலைமலை சார் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். முப்பது பெண்கள், பத்து நாள், ஆளுக்கு எத்தனை கிலோ. உட்கார்ந்து எண்ணினேன். கலர் கலராகப் படம் போட்டுக் கொடுத்தேன். தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டுதான் இப்போது தாளாக வந்து வாசலில் ஒட்டியிருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அம்மா டிபன் டப்பாவை மூடிவிட்டாள்.

"எதுக்கும்மா இம்புட்டு வெரசா? எட்டரைக்குத்தானே மணி அடிப்பாங்க."

"போயி ஜன்னல் பக்கமா ஒரு எடம் புடிக்கணும். அங்கதான் வெளிச்சம் நல்லா விழுகும்."

"இடமெல்லாம் இனி அவங்க சொல்றதுதான். நம்பர் போட்டாச்சு. ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல நாலடி."

அம்மாவின் கை நின்றது.

"எதுக்கு நாலடி?"

"தெரியல. சாரு சொன்னாரு. சனிக்கிழமை நீங்க போனப்புறம் சாக்பீசுல நான்தான் கோடு போட்டேன்."

"நீயா போட்ட?"

"வேற யாரு போடுவா? அங்க சும்மா கெடைக்கிற ஆளு நான் ஒருத்திதான்."

அவள் மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

வாசலில் சித்தி குரல் கேட்டது. அம்மாவின் தங்கச்சி செல்லத்தாய். அவளும் அதே குடோனில்தான் காய் பொறுக்குகிறாள். கூடவே அவள் மகள் சுஜிதா, காலேஜில் கடைசி வருசம். புதுச் சுடிதார், கழுத்தில் கம்பெனி அட்டை. இன்றைக்கு அவளுக்கு இன்டர்ன்ஷிப்பில் முதல் நாள்.

"யக்கா, பாத்தியா? நம்ம வீட்டுல ரெண்டாவது ஆபீசரு" என்றாள் சித்தி.

"சம்பளம் இல்லாத ஆபீசரு" என்றேன்.

"ஒனக்கு எந்நேரமும் வாயில வேப்பெண்ணெய்தான். புள்ளைக்கு நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லு."

சுஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள ஏசி இருக்குமா?"

"கம்ப்யூட்டருக்கு இருக்கும்."

நடந்து போகும்போது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "இருபத்தொண்ணு வந்துருமா?"

"வரும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

*

குடோனில் முப்பது பேரும் முப்பது கட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் காதே அடைத்துப்போகும். யார் மருமகள் சண்டை போட்டாள், ராசிங்காபுரம் பஸ்சில் கண்டக்டர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான், எல்லாம் அங்கேதான் அலசி முடியும். அன்றைக்குக் காய் சுளகில் உருள்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நாலடி தள்ளி உட்கார்ந்தால் கதை பேச முடியாது.

பத்து மணிக்கு சோலைமலை சார் என்னை மேலே கூப்பிட்டார்.

"உக்காரும்மா. மூணு மணிக்கு உங்க காலேஜ் பிரின்சிபால் வர்றாரு. நம்ம ஊரு வியாபாரிங்க ஏழெட்டுப் பேரும் வர்றாங்க. எதுக்காக ஒவ்வொரு கம்பெனியும் இன்டர்ன் எடுக்கணும்னு நான் பேசணும். சொல்லச் சொல்ல டைப் பண்ணு."

டீயும் வடையும் வரவழைத்து என் பக்கம் தள்ளினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

"ஆளைப் பழகிப் பாத்து எடுக்கலாம், இதைப் போடு. இன்டர்வியூவுல அரை மணி நேரம் பேசினா என்ன தெரியும்? ஆறு மாசம் கூடவே இருந்தா வண்டவாளம் தெரிஞ்சுரும். தப்பான ஆளை வேலைக்கு வச்சுட்டு அப்புறம் முழிக்க வேண்டியதில்ல."

டைப் செய்தேன்.

"எடுத்த அன்னைக்கே வேலை தெரிஞ்ச ஆளா இருக்கும். நீயே பாரு, வந்தப்போ ஏலம் விடுற கம்ப்யூட்டர்த் திரையைப் பாத்துப் பயந்த. இப்போ நான் இல்லாட்டியும் நீ பாத்துக்கிருவ."

பொய் சொல்லக்கூடாது. கற்றுக்கொண்டேன்தான். காயில் ஈரம் எவ்வளவு என்று பார்க்க, வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் எழுத, ஏல விலையைப் படிக்க. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதது.

"அப்புறம் புதுக் கண்ணு. பதினஞ்சு வருசமா இந்தக் குடோனுக்குள்ள போய்ட்டு வர்றேன். ஒரு ஆளு நாளைக்கு எவ்வளவு பொறுக்க முடியும்னு எனக்குத் தெரியாது. நீ பத்தே நாள்ல சொல்லிட்ட."

"நீங்களே எண்ணியிருக்கலாமே சார்?"

சிரித்தார். "விடுவாங்களா? போன வருசம் மதுரையில இருந்து ஒருத்தரைக் கூட்டியாந்தேன், இந்த மாதிரி கணக்கெடுக்கிறதையே தொழிலா வச்சிருக்கிறவரு. அவரு வாட்ச்சைக் கையில எடுத்ததும் முப்பது பேருக்கும் ஒரே நாள்ல கைவலி வந்துருச்சு. பன்னெண்டு கிலோவைத் தாண்டல. நீ போயி உக்காந்த, இருபத்தொண்ணு. பொன்னுமணி மக பாரு."

என் விரல் கீபோர்டில் நின்றது.

"அதான்மா பெரிய லாபம். வெளியாளுக்குக் கெடைக்காதது வீட்டுப் பிள்ளைக்குக் கெடைக்கும். இதை டைப் பண்ண வேண்டாம், நான் வாயாலயே சொல்லிக்கிறேன்."

*

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது நான் கீழே ஓடினேன். அம்மா டப்பாவைத் திறக்கவே இல்லை. சுளகு மடியில் இருந்தது. அதுவரைக்கும் சாக்கில் சேர்ந்தது, கண் மதிப்பில் ஒன்பது கிலோ.

சித்தி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவளைச் சுவர் ஓரமாக இழுத்தேன்.

"நான் கணக்கெடுத்த பத்து நாளும் என்ன செஞ்சீங்க?"

"என்னத்தச் செஞ்சோம். பொறுக்கினோம்."

"சித்தி."

"கையை விடுடி. வலிக்குது." அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். "கோயிலுக்குப் போறதாச் சொல்லிட்டு ஏழு மணிக்கே வந்துருவோம். குடோன் வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கி, நீ ஒம்போதரைக்கு வர்றதுக்குள்ள ஆளுக்கு நாலு கிலோ பொறுக்கி, சாக்குக்கு அடியில வச்சிருவோம். நீ மேல சாப்பிடப் போனதும் நாங்க சாப்பிடாம பொறுக்குவோம். அய்யம்மா மதினிக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவுகளுக்கு ஆளுக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டோம். உங்கம்மாவுக்கு நான் போட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? கணக்கெடுக்க வந்தது நம்ம புள்ள. கொறைச்சலா வந்தா, இந்தப் புள்ளைக்கு எண்ணத் தெரியலன்னு ஒன்னையத்தானே சொல்லுவாக. உங்கம்மாதான் ஒவ்வொருத்திகிட்டயும் போயிப் போயிச் சொல்லுச்சு. பாப்பா பேரு நிக்கணும், பத்து நாளு பல்லைக் கடிச்சுக்கங்கன்னு."

"வழக்கமா எவ்வளவு பொறுக்குவீங்க?"

"பதினஞ்சு. ரொம்ப நல்ல காயா இருந்தா பதினாறு." குரல் உயர்ந்தது. "பொண்ணு பாக்க வர்றாகன்னா வீட்டுல இருக்கிற நல்ல சேலையைத்தானே உடுத்துவோம். அதையே தெனமும் உடுத்திக்கிட்டுச் சாணி அள்ளுன்னு சொன்னா என்ன செய்ய?"

அந்தப் பத்து நாளில் முப்பது பேரும் இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் வந்திருந்தார்கள். யாரும் அதைத் தாண்டவும் இல்லை, குறையவும் இல்லை. கண் சரியாகத் தெரியாத அய்யம்மாளும் இருபத்தொன்று, இருபத்தாறு வயசு ரேணுகாவும் இருபத்தொன்று. புள்ளியியலில் எண்பத்தாறு மார்க் வாங்கினவள் நான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கணக்கு இவ்வளவு சீராக வந்திருக்கிறதே என்று பெருமைப்பட்டுத் தடித்த எழுத்தில் போட்டேன்.

மேலே போனேன். சோலைமலை சார் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கணக்கு தப்பு. முன்கூட்டியே பொறுக்கி வச்சிருந்திருக்காங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் மாத்திப் போட்டிருக்காங்க."

"தெரியும்மா" என்றார்.

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"சரியாத் தெரியாது, சந்தேகம். அதான் நாலடி கோடு போடச் சொன்னேன். ஆனா பத்து நாளு முடிஞ்சிருக்குல்ல? ஒரு தடவை முடிஞ்சா, முடியும்னுதானே அர்த்தம்."

"ஏழு மணிக்கே வந்து, சோறு திங்காம…"

"அப்போ தப்புன்னு எழுதிக் குடு. வாங்கிக்கிறேன். ப்ராஜெக்ட் தப்புன்னா சர்ட்டிபிகேட்டுல நான் என்னன்னு எழுதுறது, அதையும் நீயே சொல்லிரு." கோபமே இல்லாமல் சொன்னார். சட்டைக் கைப் பொத்தானைப் போட்டார். "வா, கார் வந்துருச்சு."

*

மூன்று மணிக்கு விருந்தாளிகளைக் குடோனுக்குள்ளேயே கூட்டிவந்தார்கள். பிரின்சிபால், வேட்டி கட்டிய வியாபாரிகள், பின்னால் சுஜிதாவும் அவளோடு சேர்ந்த ஐந்து பெண்களும். கட்டங்களுக்கு நடுவில் நடந்து, பொருட்காட்சி பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஒரு வியாபாரி அம்மாவின் சுளகிலிருந்து ஒரு காயை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சார் மைக்கில் நன்றாகப் பேசினார். ஆளைப் பழகிப் பார்த்து எடுக்கலாம், புதுக் கண், ஊருக்குள் கம்பெனிக்கு நல்ல பெயர். எல்லாம் நான் டைப் செய்தது. அப்புறம் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணோட அம்மா இதோ, பதினேழாம் நம்பர். பத்தொம்போது வருசமா நம்ம தொழிலாளி. மக இன்னைக்கு நம்ம உற்பத்தித் திறனையே மாத்திக் காட்டியிருக்கா. ரெண்டு வார்த்தை பேசும்மா."

மைக் கைக்கு வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன்.

"என் கணக்கு தப்பு. இருபத்தொரு கிலோ யாராலும் தினமும் பொறுக்க முடியாது. எனக்காக அவங்க ஏழு மணிக்கே வந்து வேலை செஞ்சிருக்காங்க. எனக்கு அது தெரியல. அந்தத் தாளை எடுத்துருங்க."

 பிரின்சிபால் செருமினார். சோலைமலை சார் என்னிடமிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். சிரித்த முகம்.

"பாருங்க. தன் வேலையில தானே குத்தம் கண்டுபிடிச்சு, எல்லார் முன்னாடியும் சொல்ற தைரியம். எந்தக் காலேஜுல சார் இதைச் சொல்லிக் குடுக்கிறீங்க? இங்க வந்து ஆறு மாசத்துல கத்துக்கிட்டா."

கைதட்டினார்கள். பிரின்சிபால் முதலில், வியாபாரிகள் அப்புறம். சார் ஒரு கவரை எடுத்து நீட்டினார். வேலை நியமனக் கடிதம். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். முதல் வேலை, பேக்கிங் பிரிவில் இதேபோல் ஒரு கணக்கெடுப்பு.

தரையில் இருந்தவர்களும் கைதட்டினார்கள். முப்பது பேரும் சுளகைக் கீழே வைத்துவிட்டு. அம்மா எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினாள். தட்டின நேரத்துக்கு ஒரு சுளகு காய் போயிருக்கும்.

கவரைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

*

ஐந்து மணிக்குத் தராசு வந்தது. பக்கத்தில் சுஜிதாவை நிறுத்தி, கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்திருந்தார்கள். அவள் வாசித்து, அவளே எழுத வேண்டும். சார் பின்னால் நின்றார். எனக்கு இனி அந்த வேலை இல்லையாம், நாளையிலிருந்து நான் கம்பெனி ஸ்டாஃப்.

ரேணுகா இருபத்திரண்டு. சித்தி இருபத்தொன்று முந்நூறு. சித்தி எடையைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புக்கூட சிரிக்காமல் ஓரமாகப் போய் நின்றாள். அய்யம்மாள் பதினொன்று. அவள் தராசைத் திரும்பிக்கூட பார்க்கவில்லை.

அம்மா சாக்கைத் தூக்கி வைத்தாள். சிவப்பு எழுத்து ஆடி நின்றது.

சுஜிதா என்னைப் பார்த்தாள். நான் சாரைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா… பதினெட்டு அறுநூறு."

"இரு ஆத்தா, எழுதிராத" என்றாள் அம்மா. சுளகைக் கவிழ்த்துத் தட்டினாள். மடியை உதறினாள். அரைப் பிடி காய் விழுந்தது. பொறுக்கிச் சாக்குக்குள் போட்டாள். "இப்பப் பாரு."

"பதினெட்டு அறுநூத்திப் பத்து."

"சரி" என்றாள். "போட்டுக்க."

முப்பது பேரில் பன்னிரண்டு பேர் தேறவில்லை. யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. சுளகு கம்பெனியுடையது, அடுக்கி வைத்துவிட்டு வந்தார்கள். சித்தி எங்களோடு வெளியே வரவில்லை. தேறிவிட்ட அவளால் எப்படி வர முடியும்?

"வீட்டுக்குப் போவோம்மா" என்றேன்.

"நீ போ. எனக்குக் கொஞ்சம் சோலி இருக்கு."

ஜீப்பு ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் மற்ற பதினொரு பேரும் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

முத்துப்பாண்டி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் விடியற்காலையில் மலைக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், அப்பாவுக்கு ஒரு வகையில் தம்பி.

"வாங்க மதினி. என்ன, கோயிலுக்கு நேர்ச்சையா? கூட்டமா வர்றீக."

"காய் எடுக்க ஆளு வேணும்னு சொன்னீகளே."

அவர் அம்மாவின் காலைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "காய் எடுக்கிற எடம் நல்ல சரிவு மதினி."

"உக்காந்து உக்காந்து நகந்துக்கிருவேன்."

"ஆளு எடுக்கிறது நானில்லையே. மேல எஸ்டேட்டு வச்சிருக்கிற மலையாளத்துக்காரரு, கை வேகம் உள்ள ஆளு மட்டும் போதும், வேற வேண்டாம்னுட்டாரு. எட்டுப் பேரு போதும். அதுக்கு மேல ஏத்தினா செக்போஸ்டுல என்னைய எறக்கி விட்ருவான்." பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீங்க பன்னெண்டு பேரு. யாரு வேகம், யாரு மெதுவுன்னு எனக்கென்ன தெரியும்? நீங்களே எட்டுப் பேரைச் சொல்லுங்க. காலையில அஞ்சரைக்கு வண்டி."

 அய்யம்மாள் மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, அடைத்திருந்த ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பா, இன்னைக்கு எழுதினது ஒன் போனுக்கு வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்."

"அப்ப அதுலயே பாரு. மேல இருந்து எட்டுப் பேரைப் படி. ஒருத்தருக்கும் மனக்கொறை இருக்காது."

போனைத் திறந்தேன். தேறாத பன்னிரண்டு பேரும் எடை வாரியாக வரிசையாக இருந்தார்கள். அம்மாவின் பெயர் ஒன்பதாவதாக இருந்தது.

"படி பாப்பா" என்றாள். "அவரு போகணும்ல."